பிரிண்டரில் சிக்கிய காகிதம்

"மறுபடியும் அறுபதுதான் மேடம்" என்றார் எபனேசர்.

தில்ஷாத் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெயில் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"பிரிண்ட் எடுத்து ஒட்டிருங்கண்ணே."

பாளையங்கோட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் அவள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். திருடன் எப்படிக் கம்ப்யூட்டருக்குள் நுழைவான் என்று கற்றுக்கொண்டு, அவனுக்கு முன்னால் போய் அந்த ஓட்டையை அடைக்கிற பாடம். அவளுக்கு வயது இருபத்தெட்டு. எபனேசருக்கு நாற்பத்தாறு. அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் ஒன்றும் இல்லை.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற சென்டர்களில் பாஸானவர்களின் போட்டோவை மாலை போடாத குறையாக மாட்டிவைப்பார்கள். இங்கே ஃபெயிலானவர்களின் மெயில்தான் சுவரில் இருக்கும். பாஸானால் உங்கள் தாளை நீங்களே கழற்றிக்கொண்டு போகலாம். நடுவில் மஞ்சளேறிப்போன நாலு தாள்கள். நாலும் தில்ஷாத்துடையவை. அவள் மட்டும் கழற்றவில்லை.

எபனேசர் தன் முதல் தாளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பார்த்துவைத்துவிட்டு, பிரிண்ட் கொடுத்தார்.

பிரிண்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"சிக்கிட்டு மேடம்."

"திறந்து பாருங்கண்ணே."

திறந்தார். ரோலருக்கு அடியில் மடித்த காகிதத் துண்டு ஒன்று. பாடத்தில் சேர்ந்த அன்றைக்கும் இதே கதை, போன முறை தோற்று வந்த அன்றைக்கும் இதே கதை. இழுத்தெடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். அரை நிமிஷ வேலை.

அந்த அரை நிமிஷத்துக்குள் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வராதா பின்னே? பதினெட்டு வருஷமாக ஒரு நூல் மில்லில் அவர் நெட்வொர்க் டெக்னீஷியன். அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆபீசில் அவரைக் கூப்பிடுவதெல்லாம் பிரிண்டருக்கு. பாதிப் பேர் போனில் அவர் பெயர் 'பிரிண்டர் எபி'. மேனேஜர் போனில் வெறும் 'பிரிண்டர்'. அதை ஒருநாள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அன்றைக்கு மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மில்லில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்று வரப்போகிறது. ஏப்ரல் முடிவதற்குள் இந்தச் சான்றிதழைக் காட்டினால் அந்த வேலை அவருக்கு. இல்லையென்றால் வெளியாளுக்கு. இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி. அதிலும் தோற்றால் ஒரு வருஷத்துக்கு எழுத விடமாட்டார்கள்.

பேனா பிடித்து எழுதுகிற பரீட்சையும் இல்லை அது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. முன்பின் பார்த்திராத ஐந்து கம்ப்யூட்டர்கள், எந்த ஊரிலோ இருக்கும். வீட்டிலிருந்தபடியே உள்ளே நுழைந்து காட்ட வேண்டும். ஒன்றுக்கு இருபது மார்க். எழுபது எடுத்தால் பாஸ்.

தாளை ஒட்டிவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவையும் வேற வேற மெஷின் மேடம். ரெண்டு தடவையும் மூணைத் திறந்துட்டேன். நாலாவதுக்கிட்ட ஏழு மணி நேரம் மல்லுக்கட்டினேன். எனக்கு என்னதான் தெரியல, சொல்லுங்க."

தில்ஷாத் அதற்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"நீங்க ஒரு மெஷின் கட்டிக் கொண்டாங்க. உள்ள வர ஒரே ஒரு வழி வைங்க. ஒரு மணி நேரத்துல நான் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது."

கேள்வி கேட்டவனிடமே வேலை வாங்குகிற குரு. எபனேசர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

ஆனாலும் கட்டினார். மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் பிந்தித்தான் போனார். பூட்டுக்கு மேல் பூட்டு போட்டார். திறக்கிற மாதிரி ஆசை காட்டிவிட்டுச் சுவரில் கொண்டுபோய் முட்டவைக்கிற பொய்க் கதவுகள் ஏழெட்டு வைத்தார். உண்மையான வழியை ஒளித்துவைத்த இடத்தை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வந்தது. அவ்வளவு நல்ல இடம்.

கொண்டுவந்து கொடுத்தார். தில்ஷாத் கதவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் எடுத்தாள். பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள்.

நாலே நிமிஷம். திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கட்டிய மெஷினுக்குள்ளே அவள் இருந்தாள்.

எபனேசர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"எப்படி மேடம்?"

"இதை ஏண்ணே இங்க வச்சீங்க?"

"பிரிண்டர் பக்கம்தானே மேடம். அதைப் போயி யாரு பாக்கப் போறான்னு வச்சேன்."

"அதான்" என்றாள் தில்ஷாத்.

"எது மேடம்?"

"நம்ம பிரிண்டரும் மறுபடி மக்கர் பண்ணுது. போகும்போது பாத்துட்டுப் போங்கண்ணே."

எபனேசர் எழுந்துவிட்டார். மூன்று வாரத்து அசதியும் பதினெட்டு வருஷத்து அவமானமும் சேர்ந்துகொண்டன.

"இங்கயும் நான் பிரிண்டர்தானா மேடம்?"

தில்ஷாத்துக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் சொன்னதைத்தான் சொன்னாள்.

"திறந்து பாருங்கண்ணே."

திறந்தார். மடித்த காகிதத் துண்டு. பிடுங்கினார், கூடையில் எறிந்தார், போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. தில்ஷாத்தும் கூப்பிடவில்லை. கோபத்தில் பாடத்தை விட்டுவிடுவார் என்று நினைத்தவர்களுக்கு எபனேசரைத் தெரியாது. பிரிண்டரோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்குப் பொறுமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்தார். எங்கோ ஒரு கண்காணிப்பாளர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு முதல் மெஷின் திறந்தது. பதினொரு மணிக்குள் மூன்று. அறுபது மார்க்.

பிறகு நாலாவது.

அதற்குப் பதினொரு கதவுகள் இருந்தன. நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். தட்டினார், நெம்பினார், கெஞ்சாத குறை. பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று. மனைவி வைத்துவிட்டுப் போன சோறு ஆறிப்போய்க் கிடந்தது. சுவரில் மூன்றாவது தாளுக்கு இடம் எங்கே இருக்கிறது என்றுகூட மனசு பார்க்கத் தொடங்கிவிட்டது.

கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். இதைக் கட்டியவனும் என்னைப் போல ஒருத்தன்தானே என்று நினைத்தார். அவனும் மூன்று வாரம் தூங்காமல் கட்டியிருப்பான். வழியை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டுத் தனியாகச் சிரித்திருப்பான். நானாக இருந்தால் எங்கே வைத்திருப்பேன்?

நோட்டைப் பார்த்தார். பத்துக் கதவுகளைச் சுற்றிச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுப் பேப்பரே கிழிந்திருந்தது. பதினொன்றாவது, 'பிரிண்டர்'. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. காலை பதினொரு மணிக்கு, எழுதின கையோடு, அவரே கிழித்த கோடு.

"அதான்" என்றார் சத்தமாக.

ஏதாவது உதவி வேண்டுமா என்று கண்காணிப்பாளர் திரையில் எழுதிக் கேட்டார். இல்லை என்று பதில் எழுதினார் எபனேசர்.

பிரிண்டரின் பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்டது. அவர் யோசிக்கவே இல்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே அதில் போட்டு அனுப்புகிற பாஸ்வேர்டு ஒன்று உண்டு. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று பதினெட்டு வருஷமாக மில்லில் அவர் கத்தாத நாள் இல்லை, ஒருத்தரும் மாற்றியதும் இல்லை. அதைத் தட்டினார்.

திறந்தது.

ஸ்கேன் எடுத்த தாளை மெயின் கம்ப்யூட்டருக்கு அனுப்ப, அதன் சாவியைப் பிரிண்டர் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். எந்த மூலையில் வைத்திருக்கும் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. எபனேசருக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

பத்து நிமிஷத்தில் எண்பது மார்க்.

அதோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. ஆறிய சோற்றை நாலு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டு ஐந்தாவதின் முன்னால் உட்கார்ந்தார். ஐந்தேகாலுக்கு அதுவும் திறந்தது. ஆறு மணிக்குக் கேமரா அணைந்ததும் அவர் போட்ட சத்தத்தில் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். நாற்பத்தாறு வயது மனுஷன் நாற்காலியைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. அன்றைக்கே படியேறினார்.

"நூறு மேடம்."

இந்த முறை தில்ஷாத் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். எழுந்தே நின்றுவிட்டாள்.

"நூறாண்ணே?"

"நூறு."

"அப்ப உங்க ரெண்டு தாளையும் கழட்டிருங்க."

மூலை கிழியாமல் மெதுவாகக் கழற்றினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சொல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையாலேயே வேண்டாம் என்றாள்.

"மில்லுல காட்டணும். பாஸான மெயிலை ஒரு பிரிண்ட் எடுத்துக்கிடவா மேடம்?"

"எடுங்கண்ணே."

பிரிண்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. மூடியைத் திறந்து கையைவிட்டார். மடித்த காகிதத் துண்டு. வழக்கம்போலக் கை கூடைக்குப் போயிற்று.

பாதி வழியில் நின்றது.

நாலாக மடித்திருந்தது. கவனமான மடிப்பு. பிரித்தார். நீல மையில் தில்ஷாத்தின் கையெழுத்து.

'இதைப் பிரித்துப் படித்துவிட்டீர்களா? இனிமேல் நீங்கள் பரீட்சைக்குப் போகலாம்.'

எபனேசர் தாளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இதை எத்தனை நாளா எழுதி வைக்குதீங்க மேடம்?"

"நீங்க வந்து சேந்த அன்னிக்கே வச்சேண்ணே."