மூன்று ரைஃபிள்களும் ஒரு கடமானும்

ஏற்காட்டு மலையில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில், கண்ணாடி அலமாரிக்குள் மூன்று ரைஃபிள்கள் ஒரு காலத்தில் கூட்டுக்குடித்தனம் நடத்தின. மூன்றும் ஐரோப்பாவில் பிறந்தவை. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய வேட்டை ரகம். மூன்றுக்கும் வாய் கொஞ்சம் அதிகம்.

பொன்னன் ஆஸ்திரியாக்காரன். உடம்பெல்லாம் செதுக்கு வேலை. அதில் மான் ஓடும், நாய் துரத்தும், நாயின் கண்ணில் தங்கம் மின்னும். பெட்டிக்காரன் ஜெர்மன்காரன். தோல் பெட்டியோடு வந்தவன். இதுவரை ஒரு குண்டுகூடச் சுடாதவன். மூன்றாமவன் செக் நாட்டுக்காரன். அவனுடைய வால்நட் மரக் கட்டையில் ஜீப் கதவு இடித்த நீளமான கீறல் ஒன்று உண்டு. அதனால் கீறலன்.

எதிர்ச்சுவரில் பாடம் செய்த கடமான் தலை ஒன்று மாட்டியிருந்தது. அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவாகப் பேசாது.

வீட்டுக்காரி ஞானசுந்தரி. மாமனார் வைத்துவிட்டுப் போன ரைஃபிள்கள் அவள் பெயரில் இருந்தன. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்ததும், ஒன்றை அனுப்பியே ஆக வேண்டியதாயிற்று. எது நல்லது என்று பார்த்துச் சொல்ல, சேலத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் முபாரக் பாயை வரச் சொல்லியிருந்தாள்.

வெளியே போகிறவனை ரம்பம் வைத்து அறுத்துவிடுவார்கள் என்று அலமாரிக்குள் ஒரு வதந்தி. யார் கிளப்பியது என்று தெரியாது. நம்பாதவர் மட்டும் யாருமில்லை.

"எனக்கென்ன பயம்?" என்றான் பொன்னன். "என்னைப் பார்த்தவன் கண்ணை எடுக்க மாட்டான். அது போக, எதிரே தொங்குகிற கடமானைச் சாய்த்தவன் நான்."

"நீ பழையவன்" என்றான் பெட்டிக்காரன். "நான் இன்னும் புதுசு. புதுசை யாராவது வெளியே அனுப்புவார்களா?"

"சுடாத துப்பாக்கியும் எழுதாத பேனாவும் புதுசாகத்தான் இருக்கும்" என்றான் கீறலன். "கடமானையே கேட்டுவிடுவோமே. அண்ணே, உங்களைச் சாய்த்தது யார்?"

கடமானின் கண்ணாடிக் கண் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"முதல் குண்டு பொன்னனுடையது. தொடையில் பட்டது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் காட்டுக்குள் அலைந்தேன். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அடுத்த குண்டு கீறலனுடையது. அதன் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. உங்களில் யார் உசத்தி என்று எனக்கு வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை."

பொன்னன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து முபாரக் பாய் உள்ளே வந்தார்.

முதலில் பொன்னனைத்தான் எடுத்தார். "அடேயப்பா, என்னா வேலைப்பாடு!" என்று தடவிப் பார்த்தார். பொன்னனுக்குப் போன உயிர் திரும்பியது. பாய் போல்ட்டை உருவிவிட்டு, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்தார்.

"உள்ள பூரா துரு, மேடம். வெளிய எண்ணெய் போட்டுப் போட்டுத் துடைச்சிருக்காங்க. உள்ள ஒருத்தரும் கம்பி விட்டுச் சுத்தம் பண்ணல."

பெட்டிக்காரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேர்த்து வைக்கிறவங்க கேட்ட விலை குடுப்பாங்க. மூணுல இதுக்குத்தான் விலை அதிகம். ஆனா சுடாம இருக்கிற வரைக்கும்தான் அந்த விலை. எப்படிச் சுடும்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. அதுக்கே தெரியாது."

கீறலனை எடுத்தார். போல்ட்டின் பிடியை விடுவித்து, குழல் வாயை மேலே தூக்கினார். போல்ட் தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. குழலுக்குள் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. போல்ட்டில் வெட்டியிருந்த நம்பரையும் உடம்பில் வெட்டியிருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தார்.

"ஒரே நம்பர். பொறந்ததுலேருந்து ரெண்டும் பிரியல. கீறலை விடுங்க மேடம். இதுதான் மூணுலயும் ஒசத்தி. இன்னைக்கும் சொன்ன எடத்துல அடிக்கும்."

கீறலனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞானசுந்தரி ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்படின்னா இதையே எடுத்துட்டுப் போங்க பாய்."

பாய் திகைத்துப் போனார். "மேடம், நான் நல்லதுன்னு சொன்னதே இதைத்தான்."

"காதுல விழுந்துச்சு பாய். வேட்டைக்குத் தடை வந்து எத்தனையோ வருசம் ஆச்சு. நல்லா வேலை தெரிஞ்சது எங்க வீட்டு அலமாரில எதுக்குத் தூங்கணும்? சுடத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா, முறையா பேப்பர் போட்டுக் குடுத்துடுங்க."

பாய் யோசித்தார். "கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணு இருக்கு. போட்டில சுடுது. லைசென்ஸ் வாங்கி வெச்சிட்டு, இந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடிட்டிருக்கு."

பேப்பர் கொண்டுவர இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். கீறலனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஜெயித்தவனை வெளியே தள்ளுகிறார்களே! இது என்ன நியாயம், அண்ணே?" என்று புலம்பினான்.

"உன்னைத் தள்ளவில்லை, கூப்பிடுகிறார்கள்" என்றது கடமான். "அந்தப் பெண் சுடப்போவது காகிதத்தில் போட்ட வட்டத்தை. காகிதத்துக்கு வலிக்காது. சந்தோஷமாகப் போய் வா."

கீறலன் உறைக்குள் போனான். பாய் அதைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அலமாரியில் ஒரே கொண்டாட்டம். "கடைசியில் அழகுதான் ஜெயித்தது!" என்றான் பொன்னன். "புதுசும்!" என்றான் பெட்டிக்காரன்.

வாசல் வரை போன பாயை ஞானசுந்தரி திரும்பக் கூப்பிட்டாள்.

"பேரப்பிள்ளைங்க ஓடியாடுற வீடு பாய். அந்த ரெண்டும் இனிமே சுடாதபடி, உள்ள இருக்கிற சுடுற ஊசியைக் கழட்டிடுங்க. அப்படியே கடமானுக்கு ரெண்டு பக்கமும் மாட்டிடலாம். பார்க்க அழகா இருக்கும்."

பாய் இரண்டு போல்ட்டுகளையும் உருவி, ஊசிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவரில் ஆணி இறங்கியது. பொன்னன் இடது பக்கம் தொங்கினான். பெட்டிக்காரன் வலது பக்கம்.

"எனக்குள் ஏதோ காலியாக இருக்கிறது" என்று பெட்டிக்காரன் முனகினான். "அண்ணே, உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?"

"இருந்தது. பழகிவிடும்" என்றது கடமான். "என்னையும் இந்த ஆணியில் மாட்டிய பிறகுதான் எல்லோரும் அழகு என்றார்கள்."