கூரைத் தூசு இட்லி

சிமென்ட் ஆலை மேனேஜர் சபாபதி, காற்றில் பறக்கும் தூசை அளக்கும் மீட்டரைத் தன் புல்வெளியில், தண்ணீர் தெளிப்பானுக்குப் பக்கத்தில் நட்டுவைத்திருந்தார். அது எந்நாளும் தூசே இல்லை என்று காட்டி நல்ல பிள்ளையாகவே இருந்தது.

"ஊர்க் கூரையில படியறது வெறும் ரோட்டுப் புழுதி சார்," என்று சோதனைக்கு வந்த அதிகாரியிடம் அடித்துச் சொன்னார்.

அவர்களுக்கு டீ கொண்டுவந்த, கேன்டீனில் இட்லி ஊற்றும் பூங்கோதை வாயை அடக்கவில்லை. "இல்லீங்க, அது சிமென்ட்டுங்க."

"மீட்டரைவிட நீ பெரிய ஆளா? நாளைக்குள்ள நிரூபி. இல்லன்னா வேலைக்கு வராதே!" என்று சீறினார் சபாபதி.

மறுநாள் அதிகாரியின் முன்னால் இரண்டு இட்லித் தட்டுகளை வைத்தாள். "ரெண்டும் நேத்து தண்ணி விட்டுக் குழைச்சு ஊத்தினதுங்க. இது ரோட்டுப் புழுதி." விரல் பட்டதும் சேறாய்க் குழைந்தது. "இது என் கூரையில கூட்டி அள்ளினது."

சபாபதி ஏளனமாக அந்த இட்லியை எடுத்து நசுக்கினார். நசுங்கவில்லை. கை நழுவி விழுந்ததில் மேசைக் கண்ணாடி படீரென்று விரிசல் விட்டது. அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

பூங்கோதை இருமிக்கொண்டே சொன்னாள்: "தண்ணி பட்டா இறுகுதுங்கய்யா. எங்க நெஞ்சுக்குள்ளயும் ஈரந்தான் இருக்கு."