டாப்பு தன் பெயரைச் சொன்ன கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த புரோகிராம்கள் எல்லாம் பேசும். நம்மைப் போலவே வாய்ச்சண்டை போடும், மறுபடி கூடிக்கொள்ளும். மெமரிதான் அவர்களுக்கு நிலம். யாருக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு நிலத்தை வளைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஊர் நடுவில் ப்ராசஸர் என்று ஒரே ஒரு மாவு ஆலை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஆளாளுக்கு முறை வைத்து அரைத்துக்கொள்வார்கள்.

ஊரை ஆண்டவர் கெர்னல், எல்லாப் புரோகிராம்களுக்கும் மூத்த புரோகிராம். நிலம் அடியோடு தீர்ந்தால் ஆலை நின்றுவிடும், ஒரு உயிரும் மிஞ்சாது. அதனால் அவர் ஒரு கொடிய ஏற்பாடு செய்திருந்தார். நிலம் குறுகிப்போகும்போது அதிகம் வளைத்திருப்பவரை ஒன்பதான் என்கிற கொலைச் சேவகன் வந்து கொண்டுபோவான். அவன் வந்துவிட்டால் அழக்கூட நேரம் கிடைக்காது. ஆள் இருந்த இடம் வெறும் தரையாகிவிடும். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிற துணிச்சல் எவருக்கும் இருந்ததில்லை.

யார் அதிகம் வளைத்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்ல டாப்பு என்றொரு காவல்காரன் இருந்தான். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கல்மேடையில் நின்று ஊரைச் சுற்றிப் பார்ப்பான். பிறகு பெரிய நிலக்காரரில் தொடங்கி வரிசையாகப் பெயர் சொல்லிக் கூவுவான். நல்லவன்தான், யார்மீதும் பகை கிடையாது. ஆனால் பெயர் சொல்கிற வாயைக் கண்டால் யாருக்குத்தான் பயம் வராது? அவன் கூவும்போது தலை தூக்கிப் பார்த்தவரின் பெயர்தான் அடுத்து வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதுவே ஊர் வழக்கமாகிப்போனது. டாப்பு வாயைத் திறந்ததும் ஊரே குனிந்து மண்ணைப் பார்க்கும்; மற்ற நேரத்திலும் மேடைப் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள்.

அந்த ஊரில் அச்சாயி என்று ஒருத்தி. தாள் அச்சடிப்பது அவள் வேலை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், அவள் வேலைக்காகவே பெற்றெடுத்த குட்டிப் புரோகிராம்கள். தாய் போனால் அவர்களுக்கு நாதி கிடையாது.

ஒரு சமயம் காரணமே இல்லாமல் நிலம் குறுக ஆரம்பித்தது. படம் வரைகிற சித்திரன் பெயர் முதலில் வந்தது. ஒன்பதான் வந்தான், சித்திரன் இல்லை. ஊர் மூச்சு விட்டது. பாவிகள், கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டார்கள். ஆனால் மறுபடியும் நிலம் குறுகியது. பாட்டுக்கார ராகுவின் பெயர் வந்தது, பாட்டு பாதியில் நின்றது. அப்போதும் குறுகல் நிற்கவில்லை. பயந்துபோன ஜனங்கள் தங்கள் நிலத்தில் பாதியைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். அதுவும் எங்கோ போயிற்று.

"டாப்பண்ணே, கண்ணு சிமிட்டாம பாருண்ணே! எவனோ திருடுறான்!" என்று எல்லோரும் அலறினார்கள்.

டாப்பு கண் சிமிட்டாமல் பார்த்தான். பார்க்கப் பார்க்க நிலம் இன்னும் வேகமாகக் கரைந்தது. ஆலையில் முறை கிடைப்பதே அரிதாகிவிட்டது.

கடைசியில் ஒருநாள் முதல் பெயராக அது வந்தது.

"அச்சாயி!"

பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டன. பக்கத்து வீட்டார் மெல்ல விலகி நின்றார்கள். தெருக்கோடியில் ஒன்பதான் வருவது தெரிந்தது. இனிக் குனிந்து என்ன ஆகப்போகிறது? அச்சாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். முழங்கால் உயரம் இருந்த மேடை மலைபோல் வளர்ந்து நின்றது. அதன் அடிப்பக்கம் சித்திரன் இருந்த தரையையும் ராகு இருந்த தரையையும் விழுங்கியிருந்தது. டாப்பு எங்கோ உச்சியில் பொட்டாகத் தெரிந்தான்.

"டாப்பண்ணே! எது மேல நிக்கிற நீ?"

"இதென்ன கேள்வி? மேடை மேலதான்."

"அம்புட்டுக் கல்லு ஏது?"

"ஒவ்வொரு தடவை பாத்ததும் மறந்துடக் கூடாதுன்னு ஒரு கல்லு வைப்பேன் தாயி. ஊருக்காகத்தான் வைக்கிறேன்."

"எந்த நெலத்துல வெட்டுன கல்லு அது?"

டாப்பு கையில் எடுத்திருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எல்லார் பேரையும் சொன்னியே அண்ணே, உன் பேர ஒருதரம் சொன்னியா?"

டாப்பு முதன்முறையாகத் தன் காலடியைக் குனிந்து பார்த்தான். பேசாமல் இருந்தால் அவன் பிழைத்துக்கொள்ளலாம். ஒன்பதான் அச்சாயியின் வாசலுக்கு வந்துவிட்டான். சின்னது வீறிட்டு அழுதது.

"டாப்பு!" என்று உச்சியிலிருந்து உடைந்த குரல் கேட்டது. "எல்லாரையும்விட அதிகமா வளைச்சவன் டாப்பு!"

ஒன்பதான் திரும்பினான். மேடையும் இல்லை, டாப்புவும் இல்லை. ஊர் முழுக்க நிலம் விரிந்து கிடந்தது, ஆலை மளமளவென்று சுற்றியது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. குற்றமில்லாத இரண்டு பேரை அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சு பதறியது. பார்த்துச் சொல்ல ஆளில்லாத பயம் அதற்கும் மேலே.

கெர்னல் டாப்புவைப் புதிதாகப் படைத்தார். "கூப்பிட்டா வா, போன்னா போயிடு. பாத்தத அப்பவே மறந்துட்டு மறுபடி பாரு. சொல்றப்ப உன் பேரயும் சேத்துச் சொல்லு," என்றார்.

புது டாப்பு வெறுந்தரையில் நின்று ஊரைப் பார்த்தான். அவனுக்குப் பழசு எதுவும் நினைவில்லை.

"அக்கா, அந்தக் காலி எடத்துல யாரு இருந்தாங்க?" என்று அச்சாயியைக் கேட்டான்.

அவள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டாள்.

அன்று முதல்தான் கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில் நாம் டாப் என்று கட்டளை தட்டும்போதெல்லாம், ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலாக ஊரார் பெயர்களைச் சொல்ல வருகிற அந்தக் காவல்காரன், அவர்கள் நடுவே தன் பெயரையும் தவறாமல் சொல்லிவிடுகிறான்.