சைபர் வைத்த இடம்

“அம்மிணி, என்ற மெஷின் பொய் சொல்லுதுங்க,” என்றார் நாச்சிமுத்து.

ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை. ஏதோ ஒரு சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மெஷினுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாதுங்ணா. உக்காருங்க.”

கோயமுத்தூரில் சின்னதாக ஒரு மில்லிங் மெஷினை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பொழுதுபோக்காக மரம் செதுக்குகிற ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சொல்லும், மெஷின் வெட்டும், ஆள் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொள்வார். மெஷின் மக்கர் பண்ணினால் எல்லோரும் போத்தனூருக்கு, ஜெசிந்தாவின் பட்டறைக்குத்தான் ஓடி வருவார்கள். அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. நாச்சிமுத்து, மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர். வயசைப் பார்த்தால் ரிப்பேர் ஆகுமா? அவரும் அவளைக் குரு என்றே ஒத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பொய் சொல்லுது?”

“கதவைக் கொண்டுபோய்ச் சுவத்துல வெட்டுதுங்க.”

பையிலிருந்து ஒரு பலகையை எடுத்து நீட்டினார்.

அவர் வீட்டின் படம். சுவரெல்லாம் மேடு, நடக்கிற இடமெல்லாம் பள்ளம். விரலை வைத்துத் தடவிக்கொண்டே அறை அறையாகப் போய்வரலாம். ஆனால் சமையலறைக்குள் போகிற இடத்தில் விரல் முட்டி நின்றது. கதவு கொஞ்சம் தள்ளி, சுவரின் நடுவில் இருந்தது.

“வெட்டற பிட்டைப் பெருசாப் போட்டு ரூமை வெட்டுனா அம்சமா வருதுங்க. சின்ன பிட்டு மாத்தி, திரும்ப ஹோம் மூலைக்கு அனுப்பி, கதவை வெட்டச் சொன்னா தள்ளிப் போயிருது. ஒரு நாளைக்கு அரை விரல், ஒரு நாளைக்கு ஒரு விரல்.”

“யாருக்கு இது?”

நாச்சிமுத்து பலகையைத் துண்டால் துடைத்தார்.

“வீட்டுக்காரிக்குங்க. துளசிமணிக்கு.”

கண் அழுத்தம் வந்து துளசிமணிக்குப் பார்வை போய்விட்டது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று வீடு மாறினார்கள். பழைய வீடு என்றால் அவளுக்கு மனப்பாடம். இது அவள் ஒரு நாளும் பார்க்காத வீடு.

“வந்த புதுசுல மெல்ல மெல்ல நடந்தாளுங்க. இப்பக் கட்டில விட்டு எந்திரிக்கறதே இல்லை. இப்படியே உக்காந்தே போயிருவாளோன்னு பயமா இருக்குதுங்க அம்மிணி. பலகை கைக்கு வந்தா எந்திரிப்பா. ஆனா இதைக் கொடுத்தா நெத்தியில்ல ஒடையும்?”

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“எதை எதை மாத்துனீங்க?”

“கம்ப்யூட்டர், வயரு, மோட்டாரு, கண்ட்ரோல் போர்டு. ஒண்ணு பாக்கியில்லீங்க.”

இது மெஷின் வைத்திருப்பவர்களுக்கே உள்ள வியாதி. பழுதானதைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும், பழுதாகாததை எல்லாம் மாற்றுவார்கள்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“ஆயுத பூஜை முடிஞ்சதுலேர்ந்துங்க.”

ஜெசிந்தா எழுந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள். கண்ணை மறைத்துப் பின்னால் முடிச்சுப் போட்டாள்.

“அட, என்ன அம்மிணி இது!”

அவரைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

“வாசலுக்குப் போங்க.”

நாச்சிமுத்து நின்றார். கால் எழவில்லை. நன்றாகத் தெரிந்த பட்டறைதான், ஆனால் இப்போது எங்கே பள்ளம், எங்கே ஆணி என்று ஒன்றும் புரியவில்லை. கையை நீட்டிக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தார். விரல் எதிலோ பட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

“கையில என்ன?”

“சுவருங்க.”

“நான் வாசலுக்கில்ல போகச் சொன்னேன்?”

“நல்லா இருக்குதே! எங்க நிக்கறேன்னே தெரியாம வாசலுக்கு எப்படிப் போறது? முதல்ல எதையாவது ஒண்ணைத் தொட்டாத்தானுங்களே...”

விரலால் சுவரை இன்னொரு தரம் தடவினார்.

“ஹோம் பட்டனை அமுக்குனா உங்க மெஷின் என்ன பண்ணும்?” என்றாள் ஜெசிந்தா.

“மூலைக்குப் போய் நிக்குமுங்க. அதுதான் சைபர், அங்கிருந்துதான் எல்லா அளவும்.”

“எதைத் தொட்டுட்டு நிக்குது?”

நாச்சிமுத்து துண்டை அவிழ்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஒரு நிமிஷத்துக்கே இந்தப் பாடு.

அவள் மறுபடி ஈயம் வைக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நேராக மாடியில் மெஷின் ரூமுக்கு ஏறினார். பட்டனை அமுக்கினார். வெட்டும் தலை மேலே போய் முட்டி நின்றது. பின்னால் போய் முட்டி நின்றது. இடது பக்கம் போக வேண்டிய இடத்தில் ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். ஹோம் வந்தாயிற்று என்று கம்ப்யூட்டர் திரையில் எழுதிக் காட்டியது.

மூலைக்கு இன்னும் ஒரு விரல் இடம் இருந்தது.

பிட்டு மாற்றியதும் தலையைக் கையாலேயே மூலைக்குப் பக்கம் தள்ளிவிடுவது அவர் பழக்கம். அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. இந்தத் தடவை நட்ட நடுவில் இழுத்து நிறுத்திவிட்டுப் பட்டனை அமுக்கினார்.

மேலே போயிற்று. பின்னால் போயிற்று. இடது பக்கம் ஒரு சிலிர்ப்பு. ஹோம் வந்தாயிற்று.

“அடப்பாவி! கிளம்பவே இல்லை, அதுக்குள்ள வந்து சேந்துட்டயா?”

இடது மூலையில் குனிந்து பார்த்தார். அங்கே நகத்தளவு ஒரு சென்சார். நடுவில் ஒரு சின்ன இடுக்கு, அதற்குள் ஒரு வெளிச்சம். தலை மூலைக்கு வந்ததும் ஒரு தகடு இடுக்குக்குள் நுழைந்து வெளிச்சத்தை மறைக்கும். மறைந்தால் மூலைக்கு வந்துவிட்டது என்று மெஷினுக்கு அர்த்தம்.

இடுக்கு நிறையச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

பூஜையன்று ஒரு பாகம் விடாமல் பொட்டு வைத்தது அவர் கைதான். சென்சார் சின்னதாயிற்றே, விட்டுப்போகக் கூடாது என்று இதற்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தார்.

ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தார். ஊதினார். சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று ஒரு நிமிஷம் யோசித்து, பக்கத்துக் கம்பியில் புதுசாக ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் புதுசாக வெட்டிய பலகையோடும் பேக்கரி தேங்காய் பன்னோடும் போத்தனூருக்கு வந்து நின்றார்.

“சந்தனமுங்க அம்மிணி!”

ஜெசிந்தா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“எங்க சர்ச் ஆளு ஒருத்தர் புது மெஷினுக்குத் தீர்த்தம் தெளிச்சு, போர்டையே பொசுக்கிட்டு வந்தாருங்ணா. நீங்க எவ்வளவோ பரவாயில்லை.”

பிறகு பலகையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விரலை ஓட்டினாள். ஹால், படுக்கையறை, சமையலறை. கதவு எல்லாம் கதவிருக்கிற இடத்தில் இருந்தது. நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பலகையின் ஓரத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு சின்னக் குமிழ்.

“இது என்ன?”

“அதுதானுங்க சைபர். விரலை முதல்ல அங்க வெச்சுட்டுத்தான் கிளம்போணும். வாசல்.”

“வாசல்னு யார் சொன்னாங்க?”

“என்ன அம்மிணி, வீடுன்னா வாசல்ல இருந்துதானுங்களே ஆரம்பிக்கும்?”

“துளசியக்கா சொன்னாங்களா?”

நாச்சிமுத்து அந்தக் குமிழைப் பார்த்தார். துளசியை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜெசிந்தா பலகையை அவர் கையில் கொடுத்துவிட்டு பன்னைப் பிட்டுக்கொண்டாள்.

வீட்டில் துளசிமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் கீழே தரையில், அவள் காலருகில் உட்கார்ந்தார். பலகையைக் கொடுக்கவில்லை.

“துளசி, உனக்கு இந்த வீடு எங்கிருந்து ஆரம்பிக்குது?”

“இதென்னங்க கேள்வி?”

“நடக்கறதுக்கு எந்திரிக்கறப்ப, எங்க இருக்கறேன்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்குவே? வாசலா? கட்டிலா?”

அவள் மடியிலிருந்த போர்வையை மடித்து ஓரமாக வைத்தாள்.

“நீங்க ஹால்ல உக்காந்து சத்தமாப் பேப்பர் படிப்பீங்கல்லங்க. அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதோ, அதை வெச்சுத்தான் அடுப்படி இந்தப் பக்கம், பாத்ரூம் அந்தப் பக்கம்னு புடிச்சுக்குவேன்.”

“அப்பறம் ஏன் புள்ள இப்ப எந்திரிக்கறதே இல்லை?”

துளசிமணி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“நீங்கதான் மாடியிலயே இருக்கறீங்களே.”