மடிக்காமல் வெட்டிய பேப்பர்

இதை எனக்கு முதலில் சொன்னவர் மரியசெல்வம் அக்கா. என் கடைசி மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், அக்டோபர் மாதத்து ஜெபமாலை முடிந்து, மழை விடட்டும் என்று கோவில் வாசலில் நின்றபோது சொன்னார்.

கோவில் ஹாலில் தையல் வகுப்பு நடத்திய பெல்சி டீச்சருக்கு இருபத்தாறு வயது. படிக்க வந்த பிரகாசிக்கு நாற்பத்தொன்று. இவள் அவளை டீச்சர் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

ஒரு புதன்கிழமை பிரகாசி, ஃபிராக் துணி வெட்ட அளவாக வெட்டிய ஒரு பிரவுன் பேப்பரை டீச்சர் மேஜைமேல் போட்டாள்.

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்த பேப்பர் தப்பு."

வருகிற ஞாயிறு அவள் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பதினாலு பிள்ளைகள் வெள்ளை ஃபிராக் போட்டு, ஏழு ஜோடியாகப் பீடத்துக்கு நடக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு முதுகெலும்பு கொஞ்சம் வளைவு. இடது தோள் இரண்டு விரல்கடை தாழ்ந்திருக்கும். கடை ஃபிராக் எதுவும் சரிப்படவில்லை. வீட்டிலேயே தைத்துவிடலாம் என்றுதான் பிரகாசி வகுப்பில் சேர்ந்தாள்.

படித்தபடியே செய்தாள். பேப்பரை நடுவில் மடித்தாள். பாதிக்கு மட்டும் வரைந்தாள். வெட்டி விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்தது. வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் தைத்துப் போட்டுப் பார்த்தாள். கழுத்து இடப்பக்கம் சரிந்தது. கீழ்விளிம்பு அந்தப் பக்கம் இறங்கி, இந்தப் பக்கம் ஏறியது.

பேப்பரில் கொஞ்சம் குறைத்தாள். கொஞ்சம் கூட்டினாள். ஒவ்வொரு தடவையும் மடித்துத்தான் வெட்டினாள். மூன்று வேட்டி போயிற்று.

கடைசியில் இடது தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்தாள். தோள் சமமாகிவிட்டது. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு கோவிலில் ஒத்திகைக்குப் போனாள். பாதி நடையில் பஞ்சு இறங்கி அக்குளுக்கு வந்தது. கூட நடந்த பிள்ளை, உள்ளே கோழிக்குஞ்சு வளர்க்கிறாயா என்று கேட்டது. பதிமூன்று பேரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிப் போட்டவள், எனக்குப் புதுநன்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சாட்டின் துணி இன்னும் கடைக் கவரிலேயே இருந்தது.

டீச்சர் பேப்பரை விரித்து, டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தாள்.

"பேப்பர்ல தப்பு இல்லக்கா."

"அப்போ எம் பிள்ளைலதான் தப்பா?"

டீச்சர் மெஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பிரகாசி ஜெபமாலை உருட்டினாள். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது. கோபம் முடியவில்லை.

மறுநாள் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்து டீச்சர் முன்னால் நிறுத்தினாள். நீங்களே அளவெடுங்கள் என்றாள். பிறகு பிள்ளையிடம் திரும்பினாள்.

"ஏட்டி, நேரா நில்லு."

"நேராத்தாம்மா நிக்கேன்."

பிரகாசி புதுப் பேப்பரை எடுத்து நடுவில் மடித்தாள். டீச்சர் அதன்மேல் கையை வைத்தாள்.

"முதல்ல பிள்ளையை மடிங்கக்கா."

"என்னது?"

"நடுவுல. ரெண்டு பாதியும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காரட்டும். அதுக்கப்புறம் பேப்பரை மடிக்கலாம்."

பிள்ளை குனிந்து கால்விரலைத் தொட்டாள்.

"இப்படியா டீச்சர்?"

"அது குறுக்கு மடிப்பு. உங்கம்மா நெடுக்கு மடிப்பு கேக்காங்க."

பிள்ளை குனிந்தபடியே சிரித்தாள்.

பிரகாசி சிரிக்கவில்லை. மடித்த பேப்பரைப் பிரித்தாள். மடிப்பு போகும்வரை உள்ளங்கையால் தேய்த்தாள். அகலம் போதவில்லை. இன்னொன்றை ஒட்டினாள்.

டீச்சர் இடப்பக்கத்தைத் தனியாக அளந்து சொன்னாள். வலப்பக்கத்தைத் தனியாக அளந்து சொன்னாள். பிரகாசி வரைந்தாள், வெட்டினாள். வெட்டியதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"கோணலா இருக்கே டீச்சர்."

"ஆமா."

அதைக் குண்டூசி குத்திப் பிள்ளைமேல் போட்டார்கள்.

கழுத்து நடுவில் உட்கார்ந்தது. கீழ்விளிம்பு சுற்றிலும் தரைக்குச் சமமாக நின்றது. பேப்பர் கிழிந்துவிடும் என்று பிள்ளை மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

பழக்கத்தில் பிரகாசி வாயைத் திறந்தாள்.

"நேரா..."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல டீச்சர். பிள்ளை நிக்கா."

"சாட்டினை எடுத்துட்டு வந்தியாம்மா, இல்லியா?" என்று கேட்டாள் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு ஜோடியும் நடந்தது.

வகுப்பு இப்போதும் நடக்கிறது. மடிக்காமல் வெட்டினால் பேப்பர் இரண்டு பங்கு பிடிக்கும். உங்கள் வீட்டில் பிரவுன் பேப்பர் மீதி கிடந்தால் கோவில் ஹாலில் கொடுத்துவிடுங்கள். சுருட்டிக் கொண்டுவாருங்கள், மடிக்க வேண்டாம்.