மில்லுக்கு லீவு

குருபூஜை அன்று மடத்தில் இருந்தவர்கள்: மடத்தை நடத்தும் அம்மா, சீடர்கள் ஐந்து பேர், சமையல் பொன்னையா, சாப்பிட வந்த ஊரார் நாற்பத்திரண்டு பேர், வாசலில் ஒரு நாய்.

சீடர்களில் மூத்தவர் சிங்காரவேலு. ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிடப் பதினாறு வயது பெரியவர்.

பந்தி தொடங்கும் முன் அவர் பையோடு வந்து நின்றார்.

"சாயங்காலம் ஊருக்கே போய்விடுகிறேன் அம்மா. தியானத்தில் உட்கார்ந்தால் பக்கத்து மரம் அறுக்கும் மில்தான் காதுக்குள் ஓடுகிறது."

"கூட்ஸ் வண்டியிலேயே காலம் தள்ளியவருக்கா சத்தம் ஆகவில்லை?"

"அது என் வண்டி அம்மா."

அம்மா சிரித்தார். "காது டாக்டர் என்ன சொன்னார்?"

"காதில் கோளாறு இல்லையாம். காதிலிருந்து மூளைக்கு நரம்பு போவதுபோல, மூளையிலிருந்து உள்காதுக்கும் நரம்பு வருகிறதாம். இதைக் கூட்டு, அதைக் குறை என்று மூளை சொல்லி அனுப்புமாம். நானும் தினமும் சொல்லிப் பார்க்கிறேன், மில்லைக் குறை, மில்லைக் குறை என்று. கேட்டால்தானே? மூளை காதுக்கு எப்படித்தான் சொல்லும்?"

அம்மா அப்பளக் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பந்தி முடியட்டும். அப்பளத்துக்கு யாரும் இரண்டாம் தடவை கூப்பிடக் கூடாது."

பையைத் தூணோரம் வைத்துவிட்டு அவர் இறங்கினார். வாளிகள் மோதின. குழந்தைகள் கத்தின. "சாம்பார் இங்கே!" "ரசம், ரசம்!" கடைசி இலையில் பல் இல்லாத ஒரு பெரியவர் வாய்க்குள்ளேயே "அப்பளம்" என்றார். மறுகோடியிலிருந்து சிங்காரவேலு திரும்பி ஓடி வந்தார்.

"நொறுக்கிப் போடட்டுமா ஐயா?"

"போடப்பா, மகராசனா இரு."

யாரும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

இலை எடுத்த பிறகு அம்மாவிடம் வந்தார். வேட்டியெல்லாம் ரசம், முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லவேளை அம்மா, இன்றைக்கு மில்லுக்கு லீவு."

பொன்னையா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "லீவா? காலையிலிருந்து ஒரு நிமிஷம் நிற்கவில்லை சாமி. நான் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது!"

ஜன்னலுக்கு வெளியே ரம்பம் ஒரு பெரிய கட்டையில் இறங்கி அலறியது. மரத்தூள் உள்ளே பறந்து வந்தது.

சிங்காரவேலு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பையை எடுத்து வரட்டுமா?" என்றார் பொன்னையா.

"அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் சிங்காரவேலு.

அம்மா அவரைப் பார்த்தார். "கூடையில் மீதி எத்தனை ஐயா?"

அவர் குனிந்து எண்ணினார். மில் ஓடிக்கொண்டிருந்தது.

"பதினேழு, அம்மா."