தடை செய்த மருந்துக்கு ஓர் இடம்

“சாமி, இது நியாயமுங்களா?”

மயில்சாமிக்குக் கோபம் வந்துவிட்டால் கண்மண் தெரியாது. குன்றின் மேலிருந்த கரட்டு மடத்தின் அறுபது படியையும் ஒரே மூச்சில் ஏறி, முற்றத்தில் வந்து மூச்சிரைக்க நின்றார். வயது ஐம்பத்தெட்டு. கையில் ஒரு பூச்சிமருந்து கேன்.

மடத்துச் சாமியான மங்கையர்க்கரசிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உட்காருங்க. என்ன ஆச்சு?”

“இந்த மருந்துக்குத் தடை போட்டுட்டாங்க சாமி! நாளையில இருந்து விக்கக் கூடாதாம், அடிக்கக் கூடாதாம். ரெண்டு ஏக்கர் காலிபிளவர்ல புழு மேயுது. முப்பது வருசமா இதைத்தான் அடிக்கறேன். எனக்கு என்ன ஆயிருச்சு? கல்லு மாதிரி இருக்கறேன்!”

“இருக்கீங்க.”

“காரணம் கேட்டா ஆபீசரு ஒரு நோட்டீஸைக் கையில குடுக்கறாரு. நரம்புங்கறான், நுரையீரலுங்கறான், உள்ள போனா முறிக்க மாத்து மருந்தே இல்லைங்கறான். அதெல்லாம் எனக்கு ஏறலைங்க. நீங்க சொல்லுங்க. எதுக்குத் தடை? நீங்க அடின்னா விடியக்காலம் அடிக்கறேன். வேண்டாம்னா விட்டுடறேன்.”

சாமி கீரைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

“சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் கேனை இந்த மடத்துல எங்கயாவது வச்சிட்டு வந்திடுங்க.”

“இவ்வளவுதானுங்களா?”

விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கேன் கையிலேயே இருந்தது.

“அங்க வேண்டாங்க. சமைக்கிற ராசாத்திக்குக் கண்ணு மங்கல். எண்ணெய்னு நெனச்சு எடுத்துட்டா?”

“சரி. வேற இடம் பாருங்க.”

மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார். அங்கேயும் நிற்கவில்லை.

“கன்னுக்குட்டி எதைக் கண்டாலும் நக்குதுங்க.”

“கிணத்துக்குப் பக்கத்துல ஒரு மோட்டார் ரூம் இருக்கு.”

“ஐயோ சாமி! மூடி கசியுதுங்க. தண்ணியில எறங்கிட்டா? கீழத் தெருவே இந்தத் தண்ணியைத்தான் குடிக்குது!”

முப்பது வருடம் அதே மருந்தை வெறுங்கையால் கலக்கிய மனிதர்தான் இப்படிப் பதறினார். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. சாமி சிரிக்கவில்லை.

“வந்தவங்க தங்குற அறையில வைங்க. ஒருத்தர்தான் இருக்கார்.”

மயில்சாமி போய் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு தையல்காரர். கடை எரிந்துபோய் இங்கே வந்து சேர்ந்தவர். மூன்று நாளாக யாரிடமும் பேசாமல், சோறும் சரியாகத் தின்னாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மயில்சாமி கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தார். பிறகு ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“அந்த ரூம்ல போயி வைக்கச் சொல்றீங்களே சாமி! உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“ஏன்? அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். எண்ணெய்னு ஏமாற மாட்டார்.”

“கண்ணு தெரியறதுதானுங்க பயம்! ஆளு ஒடிஞ்சு போயி உட்கார்ந்திருக்கறாரு. ஒரு நிமிசம் புத்தி தடுமாறுனாப் போதாதுங்களா? அந்த ஒரு நிமிசத்துல இது கைக்கு எட்டற தூரத்துல இருக்கலாமா? மறு நிமிசம் அவரே வேண்டாம்னு நெனச்சாலும் எந்த ஆஸ்பத்திரி காப்பாத்தும்?”

முற்றம் அதிரக் கத்திவிட்டார். கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

சாமிக்குக் கோபம் இல்லை.

“இந்த ஒரு கேன்தானா, இன்னும் இருக்கா?”

“இன்னும் நாலு இருக்குதுங்க. தடை வருதுன்னு காதுல விழுந்ததுமே வாங்கிப் போட்டுட்டேன்.” அந்த நிலையிலும் அவருக்கு ஒரு பெருமை. “ஆபீசருங்க வீட்டையே புரட்டினாலும் ஆப்படாது.”

“அப்படி எங்க வச்சிருக்கீங்க?”

“உள் ரூம்ல, கட்டிலுக்கு அடியில. வயசுப் புள்ள இருக்கற ரூமுங்க. எந்த ஆபீசரு உள்ள நுழையப் போறாரு?”

“எந்தப் புள்ள?”

“என் மக பூங்கோதைதாங்க. நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னு போச்சுங்களே. பத்து நாளா அந்த ரூமை விட்டு வெளிய வராம அழுதுட்டே...”

மயில்சாமி தன் கையில் இருந்த கேனைப் பார்த்தார்.

சாமி எழுந்து கேனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மயில்சாமி சட்டைப் பையிலிருந்து போனை உருவினார். அவசரத்தில் விரல் இரண்டு முறை தப்பான பெயரில் பட்டது. மூன்றாவது முறை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு இரண்டு படியாகத் தாண்டினார்.

“அப்பா?”

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“கண்ணு... எந்திரிச்சு வெளிய வா. வாசல்ல வந்து உட்காரு.”

“எதுக்குப்பா?”

“வந்து உட்காரு கண்ணு. நான் வந்து சேர்ற வரைக்கும் போனை வைக்காத. ஏதாச்சும் பேசிட்டே இரு.”